தவிட்டுக்கு வித்த குப்பாயி

ஒரே ஒரு ஊர்ல, ஒரு குப்பைமேட்டுக்கு எதுத்தாப்புல, ஒரே ஒரு வீடு. அந்த வீட்ல மாயக்கான்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் பேரு வீரணன். உப்பு வண்டி ஓட்டுறவன். ரெண்டு பேருக்குள்ள ஒரு சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, கஞ்சிக்கும் குறைச்சல் கிடையாது. ஆனா பாரு, பிள்ளை மட்டும் தங்கல. காலை ஆட்டாதடி. நீ காலை ஆட்டுனா அத்தைக்குக் கதை மறந்துரும்.

முதல்ல ஒரு பிள்ளை பொறந்துச்சு. "என் தங்கமே, தங்கமே"ன்னு மாயக்கா தூக்கி வச்சுக்கிட்டுக் கொஞ்சினா. அன்னிக்குச் சாயங்காலம் தெருக்கோடில ஒரு சத்தம். டணங்... டணங்... எருமை கழுத்து மணி. யாரோ மாடு ஓட்டிட்டுப் போறாங்கன்னு இவ கண்டுக்கல. காலைல பாத்தா பிள்ளை கண்ணைத் தொறக்கவே இல்ல.

அப்புறம் ரெண்டாவது பிள்ளை. "என் முத்தே"ன்னா. டணங்... டணங்... வாசல் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பிள்ளையும் போச்சு. அப்புறம் மூணாவது. "என் ரத்தினமே"ன்னா. டணங்! வீட்டுக்குள்ளயே கேட்டுச்சு. அதுவும் போச்சு.

அப்பத்தான் மாயக்காளுக்குப் புரிஞ்சுச்சு. எமன் எருமை மேல ஏறிக்கிட்டு ஊர் ஊராச் சுத்துறான். எந்த வீட்ல தங்கம்னு கேக்குதோ, முத்துன்னு கேக்குதோ, அங்க வண்டியை நிறுத்துற மாதிரி எருமையை நிறுத்திக் காதைக் குடுக்குறான். எது ஒசத்தி, எது மட்டம்னு அவனுக்காத் தெரியாது. மனுஷங்க வாயால சொன்னாத்தான் தெரியும். சொன்ன சொல்லை அப்படியே நம்பிருவான். அவ்வளவுதான் அவன் புத்தி.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி.

அப்புறம் நாலாவதா ஒரு பொண்ணு பொறந்துச்சு. மாயக்கா அதைக் கையில வாங்கினா, ஆனா வாயைத் தொறக்கல. உதட்டைப் பல்லால கடிச்சுக்கிட்டு, புருஷனைக் கூப்பிட்டு, "போயி மேலத்தெரு நாகரத்தினத்தைக் கூட்டிட்டு வா, ஒரு படி தவிடும் எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னா.

உங்க அண்ணன் உன்னைக் கேலி பண்றானே, தவிட்டுக்கு வாங்குன பிள்ளைன்னு, அது இந்த வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்ல, பொறந்த பிள்ளையை முறத்துல போட்டுக் குப்பைமேட்டுல வச்சிருவாங்க. இன்னொருத்தி வந்து ஒரு படி தவிடு குடுத்து அதை வாங்கணும். வாங்குறவளும் சிரிக்கக் கூடாது, விக்கிறவளும் அழக் கூடாது. அதுதான் அதுல கஷ்டம்.

நாகரத்தினம் வந்தா. மாடி வீட்டுக்காரி, கழுத்து நெறைய நகை, ஆனா அவளுக்குப் பிள்ளை இல்ல. வந்து நின்னு, "ஏ மாயக்கா, குப்பைமேட்டுல என்னமோ கிடக்கே, என்ன அது?"ன்னு கேட்டா.

"அது குப்பை."

"எனக்குத் தரியா?"

"தவிடு குடுத்தா தரேன்."

இப்படியே மூணு தடவை கேட்டா, மூணு தடவையும் இவ அதே பதிலைச் சொன்னா. அப்புறம் சொர்ர்ர்னு தவிட்டை மாயக்கா முந்தானையில கொட்டிட்டு, நாகரத்தினம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டா. தூக்கிட்டு ஏழு அடி நடந்தா. திரும்பி வந்து, "இது நான் வாங்குனது. எங்க வீட்ல எடமில்ல. உன் வீட்ல ஒரு மூலையில கிடக்கட்டும்"னு குடுத்துட்டுப் போயிட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் டணங்... டணங்... டணங்... மணி வாசல்ல வந்து நின்னுச்சு. மாயக்கா பிள்ளையை மூலையில கிடத்திட்டுக் கதவுகிட்ட வந்தா. "உள்ள என்ன இருக்கு?"ன்னு ஒரு குரலு.

"ஒண்ணுமில்ல. வித்த குப்பை ஒரு மூலையில கிடக்கு."

எருமை மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. அப்புறம், டணங்... டணங்... மணி தள்ளித் தள்ளிப் போயிருச்சு. மாயக்கா அப்படியே செவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. அந்தப் பிள்ளைக்குக் குப்பாயின்னு பேரு வச்சாங்க.

அப்புறம் ஏழு வருஷம். ஏழு வருஷத்துல ஒரு நாள்கூட மாயக்கா அவளைக் கண்ணேன்னு கூப்பிட்டதில்ல. "ஏய் சனியனே, எந்திரி." "ஏய் தரித்திரம், குளிக்க வா." நெய்யை ஊத்திச் சுடுசோத்தைப் பெசஞ்சு வச்சுட்டு, "இந்தா, கொட்டிக்கோ"ம்பா. நல்ல சொல்லு தொண்டை வரைக்கும் வரும். எச்சியை முழுங்குற மாதிரி அதை முழுங்கிருவா. குப்பாயியும் எதுவும் கேக்க மாட்டா, பேசாமச் சாப்பிட்டுட்டு ஓடிருவா.

மாயக்காளுக்கு எமன்கிட்ட ஒரு பயம்னா, உள்ளுக்குள்ள இன்னொரு பயமும் இருந்துச்சு. இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியாதே. தன்னை நெசமாவே குப்பைன்னு நெனச்சுக்கிட்டிருக்குமோ? கேக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. சொன்னா அவன் காதுல விழுந்துருமே.

ம்? ஆமா, பாவம்தான். கேளு.

அந்த ஊருக்கு ஒரு ராசா. அவன் பேரு என்னமோ, எல்லாரும் 'சொன்னபடி ராசா'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஏன்னா அவனுக்கு வாயில என்ன வருதோ அதுதான் அர்த்தம். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுங்கிறதே அவன் நாட்டுல கிடையாது. ஒரு நாள் ஒரு புலவர் வந்து, "ராசா, உங்க முகம் முழு நிலா"ன்னு பாடுனாரு. "கண்ணாடி கொண்டா"ன்னான். பாத்தான். "என் முகத்துல கறை எங்கய்யா இருக்கு? தேஞ்சு தேஞ்சா போகுது?"ன்னு கேட்டு அவரை ஊரை விட்டே தொரத்திட்டான். இன்னொரு நாள் ஒரு மாமியாக்காரி தெருவுல நின்னு, "மருமகளை நெனச்சா என் வயிறு பத்தி எரியுது"ன்னா. தடதடதடன்னு நாலு சேவகனுங்க ஓடி வந்து, சளார்! ஒரு கொடம் தண்ணியை அவ வயித்துல ஊத்திட்டாங்க. ஒரு பையன், "உனக்காக உசுரையே குடுப்பேன்"னு ஒரு பொண்ணுகிட்டச் சொல்லிட்டு, மறுநாள் கத்தியோட வந்த சேவகனைப் பாத்து ஊரையே விட்டு ஓடிட்டான்.

சிரிக்காத. அந்த ஊர்ல யாரும் சிரிக்கல. தாலாட்டுப் பாடுறதையே நிறுத்திட்டாங்க. நிலாவைப் புடிச்சுத் தரேன்னு பாடிட்டா, அப்புறம் புடிச்சுக் குடுக்கணுமே.

இப்படி இருக்கும்போது நாகரத்தினத்தோட புருஷன் செத்துப் போனான். எட்டு அறை உள்ள வீட்ல அவ ஒருத்தி. ஒரு தட்டை வச்சு, ஒத்தையாளா உக்காந்து சாப்பிட்டா, சோறு தொண்டையில எறங்கல. எனக்குன்னு ஒரு பிள்ளை இல்லையேன்னு அழுதா. அழுதுகிட்டே இருந்தவளுக்கு டக்குன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. "ஏன் இல்ல? ஒண்ணு வாங்கி வச்சிருக்கேனே!"

அவளும் பாவம்தான், நான் இல்லேங்கல. அதுக்காக அடுத்தவ மடியில கை வைக்கலாமா? நேரா அரமனைக்குப் போயி, "ராசா, நான் தவிடு குடுத்து வாங்குன பிள்ளையை மாயக்கா வச்சிருக்கா, எனக்கு வாங்கிக் குடுங்க"ன்னு கேட்டுட்டா.

டம் டம் டம்னு முரசு அடிச்சு, மாயக்காளையும் குப்பாயியையும் கூட்டிட்டுப் போனாங்க. சபையில ஊரே கூடி நிக்குது. ராசா கேட்டான்.

"தவிடு வாங்கினியா?"

"வாங்கினேன், ராசா."

"தவிடு குடுத்தா தரேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்போ வித்தது வித்ததுதான். இருந்தாலும் ஒண்ணு கேக்குறேன். இது உன் பிள்ளையா? ஆமான்னு உன் வாயால சொல்லிட்டா நான் யோசிக்கிறேன். மூணு தடவை கேப்பேன், ஒரு நாளைக்கு ஒரு தடவையா. மூணு தடவையும் நேரான பதில் வரலேன்னா, பிள்ளை நாகரத்தினத்துக்கு."

மாயக்கா ஆமான்னு சொல்ல வாயைத் தொறந்தா. அப்போ ஊருக்கு வெளிய, எங்கயோ தூரத்துல, டணங்... டணங்...

இத்தனை வருஷம் கேக்காத மணி. ஆமான்னு சொன்னா எமன் கூட்டிட்டுப் போயிருவான். இல்லேன்னு சொன்னா நாகரத்தினம் கூட்டிட்டுப் போயிருவா. எந்தப் பக்கம் திரும்புனாலும் பிள்ளை போகுது. என்ன பண்ணுவா சொல்லு?

"ராசா, அது... அது குப்பைங்க"ன்னா.

"குப்பையா? அப்போ கூட்டித் தள்ளுங்கடா!"

ஒரு சேவகன் தொடப்பத்தை எடுத்துட்டு வந்தான். சர்ரு சர்ருன்னு குப்பாயி காலடியில கூட்டுறான். அவ இந்தப் பக்கம் ஒரு தாவு தாவுறா, அந்தப் பக்கம் ஒரு தாவு தாவுறா, அழவே இல்ல. மாயக்காளுக்குத்தான் அந்தத் தொடப்பக்குச்சி ஒவ்வொண்ணும் வயித்துல குத்துது.

ராசா குனிஞ்சு பாத்தான். "இதுக்குக் கை இருக்கு, காலு இருக்கு, மூக்கு இருக்கு. இது குப்பை இல்ல. நீ சொன்னது பொய். ஒண்ணு ஆச்சு, போ"ன்னுட்டான்.

அப்புறம் ரெண்டாம் நாள். வீரணன் உப்பு வண்டியை அவுத்துப் போட்டுட்டு, "நீ பேச வேண்டாம், இன்னிக்கு நான் பேசிக்கிறேன்"னு கூடவே வந்தான். இவ எவ்வளவோ சொல்றா, அவன் கேக்கல. ஆம்பளைக்கு அந்த மணி கேட்டதே இல்ல பாரு, அதான் அவ்வளவு தைரியம்.

"இது உன் பிள்ளையா?"ன்னான் ராசா.

வீரணன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "ஆமா ராசா, இது எங்க..."ன்னு ஆரம்பிச்சான்.

டணங்! அரமனை வாசல்லயே கேட்டுச்சு.

மாயக்கா ஒரே பாய்ச்சலாப் பாஞ்சு அவன் வாயைப் பொத்திட்டா. ரெண்டு கையாலயும் பொத்திட்டா. அவன் மூச்சு விட முடியாம அவளைப் பாக்குறான். அவ கண்ணு அவன் மேல இல்ல, வாசப்பக்கம் இருக்கு. அந்தக் கண்ணைப் பாத்ததும் அவனுக்கும் வெலவெலத்துப் போச்சு. மெதுவா அவ கையை எடுத்துவிட்டு, "எங்க... எங்க வீட்ல கிடக்குதுங்க"ன்னு முடிச்சான்.

"கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணா? ரெண்டு ஆச்சு. நாளைக்கு உச்சி வேளைக்குக் கடைசி"ன்னு ராசா எந்திரிச்சுப் போயிட்டான்.

கண்ணைத் தொறந்துட்டுத்தான் இருக்கியா? ம், சரி சரி. சொல்றேன்.

அன்னிக்குச் சாயங்காலம் நாகரத்தினம் வீட்ல இருந்து ஒரு தட்டு வந்துச்சு. உள்ள ஒரு பட்டுப்பாவாடை, மயில்கழுத்து நெறம். பக்கத்துல அதிரசம். "என் தங்கத்துக்குக் குடுத்துட்டு வான்னாங்க"ன்னு வேலைக்காரி சொல்லிட்டுப் போனா.

குப்பாயி பாவாடையைத் தொட்டுப் பாத்தா. ஒரு தடவை தடவிப் பாத்தா. அப்புறம் ஒரு அதிரசத்தை எடுத்துக் கடிச்சுக்கிட்டே வந்து, தலை வாரிவிடச் சொல்லி மாயக்கா முன்னாடி முதுகைக் காட்டி உக்காந்துட்டா. மாயக்கா எண்ணெயை வச்சுச் சிக்கெடுக்குறா. தங்கம்னு கூப்பிடுறவ ஒருத்தி, சனியன்னு கூப்பிடுறவ ஒருத்தி. பிள்ளை எங்க போகும்? நானா இருந்தா எங்க போவேன்? அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது.

"ஏண்டி சனியனே, அந்த மாடி வீட்டுக்குப் போறியா?"

குப்பாயி அதிரசத்தை மென்னுக்கிட்டே, "இந்தப் பக்கம் அரிக்குது, பேன் பாரு"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. அதுல இருந்து என்னன்னு தெரிஞ்சுக்குறது? மாயக்கா பேன் பாத்தா.

அப்புறம் மூணாம் நாள். உச்சி வேளை. சபையில ஊசி விழுந்தா கேக்கும். மாயக்கா உள்ள காலை வச்சதுமே பாத்துட்டா. வலது பக்கத் தூணுக்குப் பின்னாடி எருமை நிக்குது. கரேர்னு நிக்குது. அது மேல அவன். கையில கயிறு. வேற யாரு கண்ணுக்கும் தெரியல. அவனைச் சுத்தி நின்னவங்க மட்டும், இன்னிக்கு என்ன இப்படிக் குளுருதுன்னு தோளைத் தேச்சுக்கிட்டாங்க.

"கடைசித் தடவை கேக்குறேன். இது உன் பிள்ளையா?"

தூணுக்குப் பின்னாடி அவன் காதைத் திருப்புறான். மாயக்கா வாயைத் தொறந்தா, மூடுனா. தொறந்தா, மூடுனா. ஒரு சத்தமும் வரல.

"மூணு ஆச்சு. நாகரத்தினம், கூட்டிட்டுப் போ."

நாகரத்தினம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வந்தா. எத்தனையோ வருஷ ஆசை, அவ வாயைக் கட்ட முடியுமா? "என் தங்கமே!"ன்னா.

டணங்! எருமை ஒரு அடி எடுத்து வச்சுச்சு. குப்பாயி லொக்குன்னு ஒரு இருமல் இருமுனா.

"என் முத்தே!"

டணங்! டணங்! கயிறு மேல எழும்புது. குப்பாயி கழுத்தைப் புடிச்சுக்கிட்டு லொக்கு லொக்குன்னு இருமுறா. மூஞ்சி செவந்து போச்சு. கண்ணு செருகுது. நாகரத்தினம் பயந்து போயி, "என்னம்மா, என்ன ஆச்சு என் ரத்..."

"ஏய் நிறுத்துடி!"

மாயக்கா போட்ட சத்தத்துல தூணே அதிர்ந்துச்சு. ஓடி வந்து நடுவுல நின்னுக்கிட்டா. நின்னு, குப்பாயியைப் பாத்துத் திட்ட ஆரம்பிச்சா பாரு.

"தங்கமாம் தங்கம்! இதுவா தங்கம்? பீடை! ராத்திரிக்கு மூணு தடவை போர்வையை உதைச்சுத் தள்ளுற கழுதை! மூணு தடவையும் எந்திரிச்சுப் போத்தி விட்டாத்தான் தூங்கும், தரித்திரம்! புளிச்ச மோருன்னா ஒரு வாய் குடிக்காது, இதுக்குன்னு தனியா ஒறை ஊத்தணும், முண்டம்! காதுல சீழ் வச்சப்போ பதினோரு நாளு என் மடியை விட்டு எறங்கல, அட்டை! இடி இடிச்சா என் முந்தானைக்குள்ள பூந்துக்கிட்டு மூக்கைச் சிந்துற சனியன்! மூணாவது பல்லு விழுந்தப்போ எனக்குக் காமிக்கணும்னு நான் ஏறிப் போன உப்பு வண்டிக்குப் பின்னாலயே மூணு மைல் ஓடி வந்த பைத்தியம்! குப்பை! வெறும் குப்பை! யாருக்குடி வேணும் இந்தக் குப்பை?"

திட்டுறா, திட்டுறா, மூச்சு விடாமத் திட்டுறா. கண்ணுல இருந்து தண்ணி தாரை தாரையாக் கொட்டுது. ஒவ்வொரு திட்டுக்கும் கயிறு கொஞ்சம் கொஞ்சமாத் தொய்யுது. குப்பாயிக்கு மூச்சு வந்துச்சு. இருமல் நின்னுச்சு. எமன் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுக் கயிறைத் தோள்ல போட்டுட்டான். ஆனா போகல. நிக்கிறான்.

ராசா சொன்னான்: "இவ்வளவு வெறுப்பு இருக்குறவகிட்டப் பிள்ளை எப்படி இருக்கும்? நல்ல வேளை, நான் சரியாத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கேன்."

சொல்லிட்டுத் திரும்புனவன், பக்கத்துல ஈட்டி புடிச்சு நிக்கிற சேவகனைப் பாத்தான். ஏழடி ஆளு, மீசையெல்லாம் நனைஞ்சு போயி நிக்கிறான்.

"ஏண்டா அழுற?"

"தெரியல ராசா."

அந்தப் பக்கம் பாத்தான். மந்திரி மூக்கை உறிஞ்சுறாரு. சபை மொத்தமும் அழுதுகிட்டு நிக்குது. ராசாவுக்கு ஒண்ணும் வெளங்கல. திட்டுனா கோவம் வரணும், இவனுங்க எதுக்கு அழுறானுங்க? பொறந்ததுல இருந்து முதத் தடவையா, நமக்குக் கேக்காதது என்னமோ இவங்களுக்குக் கேக்குதுன்னு அவனுக்குத் தோணுச்சு.

குப்பாயியைக் கிட்டக் கூப்பிட்டான். "பாப்பா, உன்னை அவ என்ன சொல்றான்னு உனக்குப் புரியுதா?"

"புரியுது."

"என்ன சொல்றா?"

அய்யோ! தூணுக்குப் பின்னாடி எமன் குனிஞ்சு காதைக் குடுக்குறான். பிள்ளை புரியாம இருந்தா, நான் குப்பை, என்னை மாடி வீட்டுக்கே அனுப்பிருங்கன்னு சொல்லிரும். புரிஞ்சிருந்தா இன்னும் மோசம். என் மேல ஆசையாத்தான் திட்டுறாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முடிஞ்சு போச்சு. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

குப்பாயி ராசாவைப் பாத்தா. அப்புறம் ஆத்தாளைப் பாத்தா. நல்லா, ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் வலது பக்கத் தூணைப் பாத்தா. ஆமாடி, அவளும் பாத்தா! பாத்துட்டுச் சத்தமாச் சொன்னா.

"குப்பைன்னு சொல்றாங்க, ராசா. நான் குப்பைதான்."

விறுவிறுன்னு நடந்து போயி, மாயக்கா கையைப் புடிச்சு இழுத்துக் கீழ உக்கார வச்சு, அவ மடியில ஏறி உக்காந்துட்டா. "இதான் எங்க குப்பைமேடு. குப்பை குப்பைமேட்டுலதான் கிடக்கும். வேற எங்க கொண்டு போயி கொட்டுனாலும், காத்துல பறந்து இங்கயே வந்துரும்."

மாயக்கா அப்படியே அவ தலையில மொகத்தைப் பொதைச்சுக்கிட்டா. அடியே! இவளுக்கு எல்லாம் தெரியுமா? எப்ப இருந்துடி தெரியும்? ஒவ்வொரு சனியனும் என்னன்னு தெரியுமா? ஒவ்வொரு தரித்திரமும் என்னன்னு தெரியுமா? ஏழு வருஷமா முழுங்கி முழுங்கி வச்சிருந்தது ஒண்ணுகூட வீணாப் போகல. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வாய் பத்தாது.

எருமை திரும்புச்சு. டணங்... டணங்... வாசப்படி வரைக்கும் போயி, அங்க நின்னுக்கிச்சு. ராசா என்ன தீர்ப்புச் சொல்றான்னு கேட்டுட்டுப் போகத்தான் நிக்கிறான் அந்தப் படுபாவி.

முதல்ல நாகரத்தினம்தான் பேசுனா. அவளுக்கு எல்லாம் வெளங்கிருச்சு. தான் தங்கம்னு சொல்லச் சொல்லப் பிள்ளை இருமுனதைக் கண்ணால பாத்தாளே. அன்னிக்குக் குப்பைமேட்டுல சிரிக்காம நின்னு சொன்ன பேச்சு எதுக்குன்னு இப்பத்தான் அவளுக்கு உறைச்சுச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "ராசா, நான் பாக்காம வாங்கித் தொலைச்சுட்டேன். குப்பையை வாங்கி நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு வேண்டாம்"னா. சொல்லும்போது குரலு ஒடைஞ்சு போச்சு. அவ நெசமாவே வேண்டாம்னு சொல்லலைன்னு அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரியும்.

ராசாவுக்கும் தெரிஞ்சுச்சு. அப்பத்தான் அவனுக்கும் கேட்டுச்சு. வாசப்பக்கம், ரொம்ப மெதுவா, டணங்.

ராசா முடியெல்லாம் குத்திட்டு நின்னுச்சு. "இது இவளோட பிள்ளை, கூட்டிட்டுப் போகட்டும்"னு சொல்ல வாயைத் தொறந்தவன், கப்புன்னு மூடிக்கிட்டான். தங்கம்னதுக்கே பிள்ளை மூச்சு முட்டுனதை அவனும் பாத்தானே, அதைச் சொன்னாப் பிள்ளை போயிரும். சொல்லாட்டி எப்படித் தீர்ப்புச் சொல்றது? பொறந்ததுல இருந்து மனசுல இருக்குறதை மட்டுமே சொல்லிப் பழகுன வாயி. வேற மாதிரி பேச அவனுக்குத் தெரியாது. தெலுங்கு தெரியாதவனைத் தெலுங்குல பேசச் சொன்னா எப்படி இருக்கும்? அப்படி நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு.

எல்லாரும் அவன் வாயையே பாக்குறாங்க. வாசல்ல எருமை புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது.

அப்போ ராசா எந்திரிச்சு நின்னான். தொண்டையைக் கனைச்சுக்கிட்டான்.

"யா... யாருடா இந்தக் குப்பையை என் சபையில கொண்டாந்து கொட்டுனது?"ன்னு ஒரு கத்துக் கத்துனான். குரலு நடுங்குது, ஆனாலும் கத்துறான். "ஏய் பொம்பளை! அள்ளிட்டுப் போ! இப்பவே அள்ளிட்டுப் போ! ஒரு துரும்புகூட இங்க மிச்சம் இருக்கக் கூடாது! இனிமே இந்தக் குப்பையைக் கேட்டு எவனாவது உன் வாசப்படி ஏறுனான்னு கேள்விப்பட்டேன், எவனா இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, அவன் காலை ஒடைச்சிருவேன்!"

கடைசி வார்த்தையை வாசலைப் பாத்துத்தான் சொன்னான்.

டணங்... டணங்... டண... டண... மணி தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஆத்தைத் தாண்டிப் போயிருச்சு. ராசா பொத்துன்னு சிம்மாசனத்துல உக்காந்து, அங்கவஸ்திரத்தால மூஞ்சியை மூடிக்கிட்டான். எதுக்கு மூடுனான்னு யாரும் கேக்கல.

அப்புறம் மூணு பேரும் வெயில்ல வீட்டுக்கு நடந்தாங்க. வீரணன் முன்னால, ஆத்தாளும் மகளும் பின்னால. கொஞ்ச தூரம் போனதும், "காலு சுடுதாடி, சனியனே?"ன்னு கேட்டா மாயக்கா. "சுடுது"ன்னு குப்பாயி கையைத் தூக்குனா. மாயக்கா அவளைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "பாறாங்கல்லு மாதிரி கனக்குது பீடை"ன்னு சொல்லிக்கிட்டே வீடு வரைக்கும் எறக்கி விடவே இல்ல.

அவ்வளவுதான். அவங்க வீடு போயிச் சேந்தாச்சு, கதையும் போயிப் படுத்தாச்சு. இன்னும் என்ன முழிச்சு முழிச்சுப் பாக்குற? போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கு, கொரங்கு.